இளைஞர்க்குப் பாய்க்கலக் கல்வி வேண்டும்

விழாக் காலத்திலே பழம்பெருமை பேசுதல் இயல்பு. கல்லூரியைத் தோற்றுவித்த பெரியோரையும், அதனை வளர்த்த அதிபர்களையும், அதன் பெயரை நாடெங்கும் நிலைநாட்டிய மாணவரையும் இம்மலரிலே வேறு பலர் நன்றியோடு நினைவுகூர்வர். நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. பாடசாலை மலர்களிலே அதிகம் பேசப்படாதது. அது கடல். இன்னுந் திட்டமாகச் சொல்வதாயின், நம் நாட்டு இளைஞர்க்குப் பாய்க்கலஞ் செலுத்தும் பயிற்சியை ஒழுங்கான ஒரு தேசியத் திட்டமாக அமைத்தல் வேண்டும் என்பதும், அதன் தொடக்கப் பணிகளுள் ஒன்றை நம்போன்ற கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஏற்றல் வேண்டும் என்பதுமே நம் கருத்து.

இலங்கை 1,300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடற்கரையையுடைய தீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சைக்கிளில் ஏறி ஒரு மணித்தியாலத்துள் கடலையோ கடனீரேரியையோ அடைந்துவிடலாம். இத்தகைய நிலத்திற் பிறந்து வளரும் நம் மாணவருள் நீந்தத் தெரிந்தோர் எத்தனை பேர்? பாய் கட்டிய வள்ளமொன்றிற் சுக்கான் பிடித்தோர் எத்தனை பேர்? புவியியற் பாடத்திலே பருவக்காற்றுக்களைப் பற்றி அழகாக எழுதிப் புள்ளி பெறும் மாணவன், முற்றத்திலே நின்று சோளகம் எத்திசையிலிருந்து வீசுகின்றதென்று காட்டச் சொன்னாற் சற்றுத் தடுமாறவே செய்கிறான். கடல் அவனுக்கு மாலையிற் காற்று வாங்கும் இடமாகவும், பரீட்சைத் தாளில் நிரப்பும் இடைவெளியாகவும் குறுகிவிட்டது.

இந்நிலை நம் முன்னோர்க்கு இருந்ததன்று. காற்றை ஏவல் கொண்டு கலஞ் செலுத்தியவன் வழிவந்தவன் என்று கரிகாலனைப் புறநானூற்றிலே வெண்ணிக்குயத்தியார் என்னும் புலவர் குறிக்கின்றார். அவ்வளவு தூரம் போக வேண்டுவதுமில்லை. நம் பாட்டன்மார் காலத்திலே வல்வெட்டித்துறையிலுங் காங்கேசன்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பாய்க்கப்பல்கள் வந்து போயின. நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் அவை நம்மவர் கைகளாலேயே செலுத்தப்பட்டன. வல்வெட்டித்துறைத் தச்சர் வேப்பமரத்தாற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, சிறு பாய்க்கலமொன்றில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1937 ஆம் ஆண்டிற் புறப்பட்ட அக்கப்பல், 1938 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ‘புளோறன்ஸ் சீ. றொபின்சன்’ என்று பெயர் மாற்றப்பட்ட அக்கப்பலைக் கடல்கள் பல கடத்திக் கொண்டு சேர்த்தவர் வல்வெட்டித்துறை மாலுமிகள். நூலறிவினும் பார்க்கக் கையறிவுங் கண்ணறிவும் மிக்கவராயிருந்த அம்மாலுமிகளின் திறம், கப்பற்றொழிலிற் பெயர்போன நகரொன்றின் முன்னே அன்று நிரூபிக்கப்பட்டது.

ஆயினும், பெருமையைச் சொல்லிவிட்டு அமைவதில் ஒரு தீங்குண்டு. ‘நாம் கடலை ஆண்டோம்’ என்று மேடையிற் பேசுவது எளிது. பாய் இறக்கவும் ஏற்றவுந் தெரிந்த கைகள் இன்று எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதே கடினம். இயந்திரக் கப்பல்களின் வரவும், நாடு சுதந்திரமடைந்த பின்னர் இரு கரைகளுக்குமிடையே இறுகிய சுங்க, குடிவரவுச் சட்டங்களும் பாய்க்கப்பல் வாணிகத்தை ஒடுக்கின. அதனையடுத்து மீன்பிடி வள்ளங்களிலும் இயந்திரம் பூட்டப்பட்டது. பாய் வீட்டுக் கூரைக்கு மூடுதுணியாயிற்று. 1983 ஆம் ஆண்டின் பின் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்திலே வடகடல் தடைகளாற் சூழப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் கடலை அஞ்சத்தக்க எல்லையாகவே கண்டு வளர்ந்தது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து அவ்வச்சத்தை வீடுதோறும் விதைத்துச் சென்றது. இவற்றுள் எதுவும் நம் பிள்ளைகளின் குற்றமன்று. ஆனால் இவையெல்லாவற்றின் விளைவும் அவர்கள் தலைமேலேதான் இறங்கியுள்ளது.

இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. படித்தவன் மேசைக்கும் நாற்காலிக்கும் உரியவன், கடல் படியாதவர்க்கு உரியது என்ற எண்ணம் நம் சமூகத்திலே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. கடற்றொழிலாளர் பிள்ளை படித்து முன்னேறுவதென்றாற் கடலை விட்டு விலகுவதென்றே பொருள் கொள்ளப்பட்டது. மற்றையோர் பிள்ளை கடலண்டை போவதே தகாத செயலெனப்பட்டது. சாதி வேற்றுமை இதற்குள்ளே மறைந்திருக்கின்றதென்பதை எவரும் அறிவர். அறிவும் உழைப்பும் இவ்வாறு வேறு வேறு கரைகளில் ஒதுங்கியமையால் இரண்டுமே மெலிந்தன. பாய்க்கலப் பயிற்சி இவ்விரு கரைகளையும் ஒரே வள்ளத்தில் ஏற்றக்கூடியது. இத்திட்டத்தை நாம் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

பாய்ப்படகோட்டம் என்ன கற்பிக்கின்றது என்று கேட்போர் உளர். காற்று எதிரே வீசும்பொழுது எதிரே செல்ல வேண்டியிருந்தால் என்ன செய்வது? நேரே போக முடியாது. காற்றுக்குச் சாய்வாக ஒரு பக்கம் ஓடி, அணியத்தைத் திருப்பி, மறுபக்கம் ஓடி, இவ்வாறு வளைந்து வளைந்தே மேலேற வேண்டும். பாயின் வளைந்த புறத்திற் காற்று விரைந்தோடுவதால் உண்டாகும் இழுவிசையும், நீருக்குள் நிற்கும் பலகை பக்கவாட்டில் நழுவாது தடுக்கும் எதிர்விசையுஞ் சேர்ந்தே வள்ளத்தை முன்தள்ளுகின்றன. பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டும் விசையிணைகரம் இங்கே கையிலுள்ள கயிற்றின் இழுப்பாகவும் உடலின் சாய்வாகவும் உணரப்படுகின்றது. தவறாகக் கணித்தாற் புள்ளி குறைவதோடு நில்லாது, வள்ளங் கவிழும். கவிழ்ந்த வள்ளத்தைத் தானே நிமிர்த்தி, நீரை இறைத்து, மறுபடியும் ஏறி அமர்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறொருவர் தன்னம்பிக்கையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் காற்றைப் பற்றி ஒன்றுமறியாதவருமல்லர். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைக் கண்டோர் இதனை ஒப்புவர். முச்சை ஒரு விரற்கடை பிசகினாற் பட்டங் குத்துமென்று அறிந்த சிறுவனுக்கு, பாயின் கயிற்றை எவ்வளவு இழுப்பது, எவ்வளவு விடுவது என்பதைக் கற்பிக்க நெடுநாட் செல்லாது. வாடைக்காற்றிலே விண் கூவப் பட்டமேற்றும் அதே கை, அதே காற்றிலே பாய் விரிக்கவும் வல்லது. அடித்தளம் இருக்கின்றது, அதன்மேற் கட்டுவாரையே காணோம்.

இது செல்வந்தர் விளையாட்டு, நமக்கு எட்டாது என்பது முதலாவது மறுப்பு. கொழும்பிலும் பொல்கொடை ஏரியிலும் உள்ள கழகங்களை மட்டுங் கண்டோர்க்கு இவ்வெண்ணந் தோன்றுதல் இயல்பு. ஆனால் உலகெங்கும் சிறுவர் பயிலும் ‘ஒப்ரிமிஸ்ற்’ என்னும் வள்ளம் குறைந்த செலவை மனத்திற் கொண்டே உருவாக்கப்பட்டது. 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோறிடா மாநிலத்துக் கிளியவாட்டர் நகரிலே, பெற்றோரும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து குறைந்த செலவிற் கட்டக்கூடிய வள்ளமொன்று வேண்டுமென்று கேட்கப்பட்டபொழுது, கிளார்க் மில்ஸ் என்னும் படகு கட்டுவோர் ஒட்டுப்பலகைகளைக்கொண்டு அதனை வரைந்து கொடுத்தார். அதன் நீளம் 2.36 மீற்றர், எட்டடிக்குங் குறைவு. நீருள் நிற்கும் பலகையை மேலே இழுத்துக்கொள்ளலாமாதலால் ஆழங் குறைந்த நம் கடனீரேரிக்கு அது மிகப் பொருத்தமானது. பெட்டி போன்ற அவ்வுருவத்தை வரைபடத்தைக்கொண்டு கட்டுதல் நம் தச்சர்க்கு அரிய செயலாகாது. துடுப்பாட்ட அணியொன்றுக்கு ஆண்டுதோறும் மட்டையும் பந்துங் காற்காப்பும் வாங்குஞ் சங்கம், சில வள்ளங்களைக் கட்டுவித்துப் பல ஆண்டுகள் பேணுதல் இயலாத காரியமன்று.

அயல்நாட்டிலே நிகழ்ந்ததையும் நோக்குவோம். போபால் நகரம் கடலிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தொலைவில் இருப்பது. அங்குள்ள பெரிய ஏரிக்கரையிலே அமைந்த பாய்ப்படகுப் பயிற்சிப் பள்ளியிற் பயின்ற நேகா தாக்கூர் என்னும் மாணவி, 2023 ஆம் ஆண்டு சீனாவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அவர் மத்தியப் பிரதேசத்துக் கமக்காரர் ஒருவரின் மகள்; அன்று அவருக்கு வயது 17. ஐதராபாத் நகரின் ஹுசைன் சாகர் ஏரியிலே வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பாய்ப்படகோட்டம் பயின்று தேசியப் போட்டிகளில் முன்னணிக்கு வந்துள்ளனர். சென்னையிலே கோடைகாலப் பயிற்சி முகாமொன்றில் முதன்முதலாக வள்ளமேறிய நேத்திரா குமணன், 2021 ஆம் ஆண்டு நிகழ்ந்த தோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்று, அத்துறையில் அத்தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். ஏரியொன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தோரைக் கண்டபின், கடலை வைத்துக்கொண்டு ‘எட்டாது’ என்று நாம் சொல்லுதல் பொருந்துமா?

நம் நாட்டுக்கும் இத்துறையில் முன்னோடி உண்டு. பொறியியலாளர் றே விஜேவர்தன 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் பாய்ப்படகோட்டத்தில் இலங்கையின் சார்பிற் கலந்துகொண்டார். 1970 ஆம் ஆண்டு பாங்கொக்கில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இரு சில்லு உழவு இயந்திரமொன்றை உருவாக்கியவரும் அவரே. பின்னர் மண்ணைக் கெடுக்காத வேளாண்மையையும், சீமைக்கிளுவை விறகிலிருந்து பெறும் எரிபொருளையும் ஓயாது வற்புறுத்தியவரும் அவரே. காற்றோடு இசைந்து செல்லக் கற்ற மனம் நிலத்தோடும் இசைந்து வாழ வழி தேடிற்றுப் போலும்! ஆனால் தனியொருவரின் திறமை ஒரு தேசியத் திட்டமாகாது. அவர்க்குப்பின் அவ்விடத்தை நிரப்பும் இளைஞர் கூட்டத்தை நாடு உருவாக்கவில்லை. பயிற்சிப் பள்ளிகளும், மாவட்டந்தோறும் ஆசிரியர்களும், ஆண்டுதோறும் பாடசாலைப் போட்டிகளும் இன்றேல் ஒலிம்பிக் வீரர் தற்செயலாகவே தோன்றுவர். தற்செயலை நம்பித் திட்டம் வகுத்தல் இயலாது.

இரண்டாவது மறுப்பு ஆபத்தைப் பற்றியது. பெற்றோர் அஞ்சுகின்றனர்; அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. 1954 ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971 ஆம் ஆண்டில் அந்நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனையும் நாம் போற்றுகின்றோம். அவ்வானந்தனே 1984 ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கால்வாயிலே உயிர் துறந்தார் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கடல் எவர்க்கும் விலக்களிப்பதில்லை. ஆதலின் வீரத்தை மட்டும் ஊட்டி விதியை ஊட்டாத பயிற்சி கேடாகவே முடியும்.

இங்கே ஹவாய்த் தீவினரின் வரலாறு நமக்கு நல்லாசிரியன். தங்கள் மூதாதையர் கருவிகளின்றி விண்மீனையும் அலையையும் பார்த்துப் பெருங்கடல் கடந்த கலை மறைந்துவிட்டதை உணர்ந்த அவர்கள், 1973 ஆம் ஆண்டிற் சங்கமொன்றை நிறுவி, ‘ஹோக்குலேயா’ என்னும் இரட்டை வள்ளத்தைக் கட்டினர். வழிகாட்டத் தம் தீவுகளில் எவருமில்லாமையால், மைக்குரோனீசியாவின் சத்தாவல் என்னும் சிறு தீவிலிருந்து மௌ பியாய்லுக் என்னும் மாலுமியை அழைத்து வந்தனர். 1976 ஆம் ஆண்டில் அவர் கருவியெதுவுமின்றி அவ்வள்ளத்தைத் தாகித்தித் தீவுக்குக் கொண்டு சேர்த்தார். ஆனால் 1978 ஆம் ஆண்டில் அதே வள்ளம் இரவிற் கவிழ்ந்தது. உதவி தேடித் தனியே புறப்பட்ட எடி அய்க்காவு என்னும் இளைஞர் மீளவில்லை. அதன்பின் அவர்கள் முயற்சியைக் கைவிட்டனரல்லர். துணைக்கலமின்றி நெடும்பயணம் புறப்படுவதில்லை என்று விதி வகுத்துக்கொண்டனர். கலை தெரிந்தவரை அவர் இருக்கும்பொழுதே தேடிக் கொள்ள வேண்டும் என்பதும், பாதுகாப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாமென்று விடலாகாது என்பதும் இவ்வரலாறு தரும் இரு பாடங்களாம்.

ஆகவே நம் திட்டத்தில் முதற்படி நீச்சலாக வேண்டும். இத்தனை மீற்றர் தூரம் நீந்தாத மாணவன் வள்ளத்திற் கால் வைத்தல் ஆகாது. உயிர்காப்பு அங்கியின்றி எவரும் நீரில் இறங்கலாகாது. கற்பிக்கும் ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். பயிற்சி நடைபெறும் நேரம் முழுதும் இயந்திரம் பூட்டிய காவற்படகு ஒன்று அருகில் நிற்க வேண்டும். காற்றின் வேகம் இன்ன அளவைக் கடந்தால் அன்று வள்ளம் இறங்காது என்பதை எழுதி வைக்க வேண்டும். அதனை மாற்றும் அதிகாரம் அதிபருக்கும் இருத்தலாகாது. இவ்வாறு பயின்ற பிள்ளைக்குக் கடலால் வரும் ஆபத்திலும், ஒன்றும் பயிலாது நண்பரோடு விடுமுறை நாளிற் கடலில் இறங்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்துப் பன்மடங்கு பெரிது.

மூன்றாவது மறுப்பே நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது. ‘வாழ்வாதாரத்துக்கே அல்லற்படும் மக்கள் நடுவே விளையாட்டுக்கு வள்ளமா?’ என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. அதற்கு விடை, திட்டத்தை யாருடன் சேர்ந்து எவ்வாறு நடத்துகின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது. குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் கடனீரேரியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. களங்கண்டிகள் நிற்கும் இடமெது, வலை படுக்கும் நேரமெது, இறால் பெருகும் காலமெது என்பதை அவர்களே அறிவர். அவர்களைக் கேளாது கரையிலே கொட்டிலமைத்து வண்ணப்பாய் பறக்கவிடுதல் பிறர் வயலில் விளையாடுவதற்கு ஒப்பாகும். ஆதலின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களே இத்திட்டத்தின் முதற் பங்காளிகளாதல் வேண்டும். பயிற்சிக்குரிய நீர்ப்பரப்பையும் நேரத்தையும் அவர்களே குறித்துத் தரவேண்டும். பாய் வலித்த அனுபவமுள்ள முதியவர் எவரேனும் அவ்வூர்களில் இருப்பின், அவரை ஆசிரியராக ஏற்று, ஆசிரியர்க்குரிய ஊதியத்தையும் ஆசிரியர்க்குரிய மரியாதையையும் அளித்தல் வேண்டும். பட்டம் பெற்றவனும் தண்டையலாயிருந்தவரும் ஒரே வகுப்பை நடத்தும் நாள் நம் கல்விக்கே ஒரு நன்னாளாகும்.

ஏனைய பங்காளிகளையுஞ் சுருக்கமாகக் குறிப்போம். பாடசாலைகள் தனித்தனியே முயலாது, அயலிலுள்ள நான்கைந்து சேர்ந்து ஒரே கொட்டிலையும் ஒரே வள்ளத் தொகுதியையும் பயன்படுத்தல் நன்று. இந்துக் கல்லூரியும் கிறித்தவக் கல்லூரியும் முஸ்லிம் பாடசாலையும் மகளிர் கல்லூரியும் அதில் அடங்க வேண்டும். பெண்பிள்ளைகளைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாமென்று விட்டாற் பின்னர் என்பது வாராது. முதல் நாளிலேயே பாதி இடம் அவர்களுக்காகட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழிற் கல்வித்துறையும், சமுத்திரப் பல்கலைக்கழகமும் கடல் விஞ்ஞானத்தையும் பாதுகாப்பையும் கற்பிக்கத் துணைநிற்கலாம். இலங்கைப் பாய்ப்படகோட்டச் சங்கம் பயிற்றுநர்க்குத் தகுதிச் சான்று வழங்குதற்கும், தேசியப் போட்டிகளில் வடக்கு, கிழக்கு மாணவர்க்கு இடமளித்தற்கும் உரியது. உலகப் பாய்ப்படகோட்டக் கூட்டமைப்பு, இத்துறையில் வளர்ந்துவரும் நாடுகளின் பயிற்றுநர்க்கும் இளைஞர்க்கும் உதவுந் திட்டமொன்றை 2015 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அவ்வுதவி கேட்பாரை நாடியே வரும்.

கடற்படையின் துணையைப் பற்றியும் ஒரு சொல். அப்பெயரைக் கேட்டதும் நம்மவருட் பலர் மௌனமாவர். அம்மௌனத்துக்குரிய வரலாற்றுக் காரணங்களை நாம் மறைக்கவோ குறைக்கவோ விரும்பவில்லை. கடலில் அனுமதிக்கும் மீட்புப் பணிக்கும் அவர்களுடைய ஒத்துழைப்பு வேண்டியதே. ஆயின், பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தல் பாடசாலையின் கையிலும் குடிமக்கள் சங்கங்களின் கையிலுமே இருத்தல் வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. சீருடையின்றிக் கற்ற கடலே பிள்ளைக்குத் தன் கடலாகத் தோன்றும்.

இனி, தொடங்கிய பணி நிலைத்து நிற்பதற்கு வழி என்ன? நன்கொடையாக வந்த பொருள்கள் திறப்பு விழாப் படத்தோடு தம் பணியை முடித்துக்கொண்டு களஞ்சியத்திற் கறையான் பிடித்துக் கிடப்பதை எவரும் கண்டிருப்பர். வள்ளம் வாங்கும் பணத்தை விட அதனைப் பேணும் பணமே அரிதிற் கிடைப்பது. ஆகவே வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது: பளபளக்கும் வள்ளமொன்றைக் கப்பலில் அனுப்புவதிலும், ஒரு பயிற்றுநரின் மாத ஊதியத்தை ஐந்தாண்டுக்குப் பொறுப்பேற்றல் பெரிய தருமம். வள்ளங்களை இங்கேயே கட்டுவோம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டாரின் துணையோடு காரைநகரிலே கண்ணாடியிழைப் படகு கட்டுந் தொழில் வளர்ந்ததை முதியோர் அறிவர். அத்தகைய தொழிற்றிறன் மீண்டும் வேர்கொள்ள இதுவும் ஒரு வாய்ப்பாகும். மேல்வகுப்பு மாணவர் ஆண்டுக்கொரு வள்ளத்தைத் தாமே பழுதுபார்த்துப் பூசி இறக்கினால், அது தொழினுட்பப் பாடமுமாகும், செலவுக் குறைப்புமாகும்.

பாய்க்கு எரிபொருள் வேண்டியதில்லை என்பதன் பொருளை நம் நாடு 2022 ஆம் ஆண்டில் நன்குணர்ந்தது. மண்ணெண்ணெய்க்காகக் கடற்றொழிலாளர் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இயந்திரத்தைக் கைவிட்டுப் பழைய காலத்துக்குத் திரும்புவோமென்று நாம் கூறவில்லை. காற்றைப் பயன்படுத்தத் தெரிந்த தலைமுறை ஒன்று இருந்தால், இயந்திரத்தோடு சிறு பாயையும் இணைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் வழியை அதுவே நாளை கண்டறியும் என்றே கூறுகின்றோம். மேலும், கடனீரேரியின் மீது வாரந்தோறும் ஓசையின்றிச் செல்லும் பிள்ளை, கண்டற்காடு வெட்டப்படுவதையும், பிளாத்திக்குக் குப்பை மிதப்பதையும், கடற்புல் அழிவதையும் தன் கண்ணாலேயே காண்பான். கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டிலே நம் நாட்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது ஏன் என்பதை அவனுக்கு விளக்குதல் எளிதாகும். காணாத கடலை எவருங் காப்பதில்லை.

‘தேசியத் திட்டம்’ என்று சொன்னோம். அச்சொல்லை நாம் எண்ணியே வழங்கினோம். திருகோணமலைத் துறைமுகத்தைப் போன்ற இயற்கைத் துறைமுகம் உலகிற் சிலவே. அங்கே மூவினப் பிள்ளைகளும் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கிப் பயிலும் ஆண்டு முகாமொன்று அமையுமாயின் அது நாட்டுக்கு நல்லது. இருவர் செலுத்தும் வள்ளத்தில் ஒருவன் சுக்கானையும் மற்றவன் முன்பாயையும் பிடிக்கின்றான். ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாதாயினும், அணியந் திரும்பும் கணத்தில் இருவரும் ஒருங்கே எழுந்து மறுபக்கம் அமராவிடின் இருவருமே நீரில் வீழ்வர். நல்லிணக்கம் பற்றி மாநாடுகள் பல கூடிக் கலைந்துள்ளன. அவற்றாற் பிழைகள் மறையவுமில்லை. வள்ளமோட்டுவதாலும் அவை மறைந்துவிடா. ஆனால் ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பிப் பழகும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சிலவே; அவற்றுள் ஒன்றைக் கூட்டுதல் நம்மால் இயலும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டிற் செய்ய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. விழாவாண்டின் நினைவாக மண்டபமொன்றோ வளைவொன்றோ எழுப்புவது வழக்கம். அவற்றோடு ஆறு சிறு வள்ளங்களையும் சேர்த்துக்கொள்வோம் என்பதே நம் வேண்டுகோள். முதலாண்டில் நீச்சலும் கயிறு முடிதலும், கடற்றொழிலாளர் சங்கங்களோடு உடன்படிக்கையும். இரண்டாம் ஆண்டிற் பயிற்றுநர் இருவர்க்குச் சான்றும், பண்ணைக் கடலிலோ காரைநகரிலோ இருபத்து நான்கு மாணவர்க்குப் பயிற்சியும். மூன்றாம் ஆண்டில் அயற்பாடசாலைகளோடு போட்டி. கணக்கை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் வைப்போம். மூன்றாம் ஆண்டின் இறுதியில் முயற்சி பயன் தராதெனத் தோன்றின், வள்ளங்களைக் கடற்றொழிலாளர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவோம். இதனால் எவர்க்கும் இழப்பில்லை.

பயன் தருமாயினோ, இன்னும் சில ஆண்டுகளின் பின் வெளிவரும் அடுத்த விழா மலரிலே, நம் கல்லூரியின் துடுப்பாட்ட அணியின் படத்துக்கு அருகே, வெயிலிற் கறுத்த முகங்களும் உப்பேறிய கைகளுமாகச் சில பிள்ளைகள் நிற்கும் படமொன்றும் இடம்பெறும். அவர்களுள் ஒருவன் கடற்றொழிலாளர் மகனாகவும் இன்னொருத்தி வைத்தியரின் மகளாகவும் இருப்பர். யார் யாருடைய பிள்ளையென்று படத்தைப் பார்த்து எவராலுஞ் சொல்ல முடியாதிருக்குமாயின், நாம் கேட்டது கிடைத்ததாகக் கொள்வோம்.